சம்பளப் பட்டியல் எழுதிய சாம்பியன் கதை

என்.பி.ஏ.வின் கோப்பைகள் ஆடுகளத்தில் வெல்லப்படுகின்றன. யாரோடு யார் சேர்ந்து ஆடலாம் என்பதை முடிவுசெய்வது ஒப்பந்தத் தாள்.

டொரன்டோ ராப்டர்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், மில்வாக்கி பக்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், டென்வர் நகெட்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகள், ஏழு சாம்பியன்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இதற்கு முன்பு எப்போதும் இப்படி நடந்ததில்லை. இதே லீக்கில்தான் 1959 முதல் 1966 வரை எட்டு ஆண்டுகள், ஒரு முறைகூட விட்டுக்கொடுக்காமல் செல்டிக்ஸ் கோப்பையைத் தன்னிடமே வைத்திருந்தது. 1947 முதல் 2025 வரை வழங்கப்பட்ட 79 பட்டங்களில் 35 பட்டங்களை இரண்டே அணிகள் பங்குபோட்டுக்கொண்டன: செல்டிக்ஸுக்கு 18, மினியாபொலிஸ் நகரில் இருந்த காலத்தையும் சேர்த்து லேக்கர்ஸுக்கு 17. இன்றைய 30 அணிகளில் 10 அணிகள் 2025 வரை ஒரு பட்டம்கூடப் பெறவில்லை. ஒரே லீக், ஒரே விளையாட்டு. ஒரு காலத்தில் கோப்பை ஓர் ஊரைவிட்டு நகரவே மறுத்தது. இன்னொரு காலத்தில் எந்த ஊரிலும் தங்க மறுக்கிறது. ஏன்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் நாயகர்களின் வரிசை. ஐம்பதுகளில் ஜார்ஜ் மைக்கன், அறுபதுகளில் பில் ரஸல், எண்பதுகளில் மேஜிக் ஜான்சனும் லாரி பேர்டும், தொண்ணூறுகளில் மைக்கேல் ஜோர்டன், பிறகு டிம் டங்கன், கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃபன் கர்ரி. ஒருவர் மறைய மற்றவர் எழுவார். கோப்பை அவர்கள் பின்னாலேயே போகும். இந்தக் கதை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், மகத்தான ஆட்டக்காரர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு மட்டுமே துணைக்கு வலுவான அணி வாய்த்தது. அந்த வாய்ப்பை வழங்கியது எது என்று தேடிப்போனால், பெரும்பாலும் ஓர் இடைவெளியில் வந்து நிற்கிறோம்: ஒரு வீரர் அணிக்குத் தரும் மதிப்புக்கும் அணி அவருக்குத் தரும் சம்பளத்துக்கும் இடையிலான இடைவெளி. எந்த விதி அந்த இடைவெளியை உண்டாக்குகிறதோ, எந்த நிர்வாகம் அதை முதலில் மோப்பம் பிடிக்கிறதோ, அங்கே நீண்ட ஆதிக்கம் பிறக்கிறது. அந்த இடைவெளி அடைபடும்போது ஆதிக்கமும் கலைகிறது. என்.பி.ஏ.வின் பட்ட வரலாற்றை இப்படி வாசித்தால்தான் 1960-ம் 2025-ம் ஒரே கதையின் அத்தியாயங்களாகத் தெரியும்.

விதிப் புத்தகத்தின் பிள்ளை

1946-ல் இந்த லீக்கைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹாக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹாக்கி இல்லாத இரவுகளில் காலியாகக் கிடந்த இருக்கைகளை நிரப்ப வேண்டும் என்பதே அவர்களின் முதல் நோக்கம். 1947-ல் முதல் பட்டத்தை ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் வென்றது. 1949-ல் போட்டி லீக்கான என்.பி.எல்.லுடன் இணைந்து இந்த லீக் என்.பி.ஏ. என்ற பெயரைப் பெற்றது. கூட்டம் வந்தால்தான் பிழைப்பு என்பதால், ஆட்டம் சலித்தால் விதியை மாற்ற இந்த லீக் தயங்கியதே இல்லை. உயரமான மைக்கன் கூடைக்கு அடியிலேயே நின்று எல்லோரையும் திணறடித்தபோது, அந்தப் பகுதியின் அகலத்தை 1951-ல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். முன்னிலை பெற்ற அணி பந்தைக் கையிலேயே வைத்து நேரம் கடத்தும் வழக்கம் முற்றி, 1950 நவம்பரில் ஓர் ஆட்டம் 19-18 என்று முடிந்தது. சிரகியூஸ் நேஷனல்ஸ் உரிமையாளர் டேனி பயஸோன் ஒரு கணக்கைப் போட்டார். சுவையான ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன, 48 நிமிடங்களுக்கு 2,880 விநாடிகள், வகுத்தால் 24. ஓர் அணி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-ல் வந்தது. ஓர் அணியின் சராசரிப் புள்ளிகள் 79.5-லிருந்து 93.1 ஆக ஏறின. அந்தப் பருவத்தில் பட்டம் வென்றது பயஸோனின் சிரகியூஸ் அணியே. விதி மாறினால் சாம்பியனும் மாறலாம் என்பது லீக்கின் இளம் பருவத்திலேயே தெரிந்துபோனது. ஆனால், ஆடுகளத்துக்குள் இருக்கும் விதிகளைவிட, வீரர்களை அணியோடு பிணைத்த விதிகள் கோப்பையின் போக்கை ஆழமாகத் தீர்மானித்தன.

பூட்டிய கதவுக்குள் செல்டிக்ஸ்

1957 முதல் 1969 வரையிலான 13 பருவங்களில் செல்டிக்ஸ் 11 பட்டங்களை வென்றது. அந்தக் காலத்தின் ஒப்பந்தங்களில் தக்கவைப்பு விதி ஒன்று இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரரின் மீதான உரிமை அணியிடமே இருக்கும். அவர் வேறு அணியோடு பேரம் பேச முடியாது. ‘வீரர்களை இஷ்டம்போல் போகவிட்டால் பணக்கார ஊர்கள் எல்லோரையும் வாங்கிவிடும், சமநிலை குலையும்’ என்பது உரிமையாளர்களின் வாதம். அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. வீரர்கள் முழுமையாகக் கட்டுண்டு கிடந்த அந்தப் பருவங்களில்தான் லீக் வரலாற்றின் மிக மோசமான சமமின்மை நிலவியது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1956 டிராஃப்டில் முதல் தேர்வை வைத்திருந்த ராச்செஸ்டர் ராயல்ஸ், ரஸலை விட்டுவிட்டு வேறொருவரை எடுத்தது. இரண்டாம் தேர்வில் ரஸலை எடுத்த செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ், எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவருக்காக அவரது உரிமையைச் செல்டிக்ஸிடம் கொடுத்தது. உள்ளூர்க் கல்லூரி வீரரை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் வட்டாரச் சலுகையால் டாம் ஹைன்ஸன் வந்தார். அதே டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் கே.சி. ஜோன்ஸ் கிடைத்தார். ஒரே ஆண்டில் ஓர் அணியின் முதுகெலும்பே சேர்ந்துவிட்டது. எட்டே அணிகள் இருந்த லீக்கில், அந்த முதுகெலும்பை உடைக்க மற்றவர்களுக்குச் சட்டப்படி எந்த வழியும் இல்லை.

இன்னொரு இடைவெளியையும் செல்டிக்ஸ் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் கண்டுகொண்டார். ஓர் அணியில் எத்தனை கறுப்பின வீரர்கள் இருக்கலாம் என்பதற்குப் பல அணிகளில் எழுதப்படாத வரம்பு இருந்தது. நிறவெறி அந்த வீரர்களின் மதிப்பைச் சந்தையில் செயற்கையாகக் குறைத்தது. 1950-ல் சக் கூப்பரை எடுத்து, கறுப்பின வீரர் ஒருவரை டிராஃப்ட் செய்த முதல் என்.பி.ஏ. அணியான செல்டிக்ஸ், 1964 டிசம்பர் 26-ல் ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கிய முதல் அணியாகவும் ஆனது. 1966-ல் ரஸலையே பயிற்சியாளராக நியமித்தது; ஆடிக்கொண்டே பயிற்சியளித்து அவர் 1968, 1969 பட்டங்களை வென்றார். மற்றவர்களின் பாகுபாடு செல்டிக்ஸுக்கு லாபமாயிற்று. ரஸலின் மேதைமையை இது ஒரு துளியும் குறைக்காது. அதே ஆண்டுகளில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தவர், 1961-62 பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகள் குவித்தவர் வில்ட் சேம்பர்லின். அவருடைய முதல் பட்டம் 1967-ல்தான் வந்தது. இருவரும் மாமேதைகள். ஒருவருக்குத் துணை கிடைத்தது, மற்றவருக்கு அது வாய்க்க நெடுங்காலம் ஆனது.

வழக்கு திறந்த கதவு

அந்தக் கதவை வீரர்கள் நீதிமன்றத்தில் தட்டினார்கள். 1967-ல் ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக் தொடங்கி, பேரம் பேச இன்னொரு இடம் உருவாகியிருந்தது. இரு லீக்குகளும் இணையத் திட்டமிட்டபோது, வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் தன் பெயரிலேயே 1970-ல் வழக்கு தொடுத்தார். ஆறு ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கு 1976-ல் சமரசத்தில் முடிந்தது, தக்கவைப்பு விதி தளர்ந்தது, ஏ.பி.ஏ.விலிருந்து நெட்ஸ், நகெட்ஸ், பேஸர்ஸ், ஸ்பர்ஸ் ஆகிய நான்கு அணிகள் உள்ளே வந்தன. எழுபதுகளின் பத்துப் பட்டங்களை எட்டு அணிகள் பகிர்ந்துகொண்டன. நிக்ஸும் செல்டிக்ஸும் மட்டுமே இரண்டு முறை வென்றன. அணிகளின் எண்ணிக்கை 9-லிருந்து 22-க்கு உயர்ந்ததால் திறமை பரவியது என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், அதற்கும் பங்கு உண்டு. ஆனால், வீரர்களை அவிழ்த்துவிட்டால் பணக்கார அணிகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கைக்கு இந்தப் பத்தாண்டில் ஆதாரம் இல்லை. 1977-ல் போர்ட்லண்டும் 1979-ல் சியாட்டிலும் வென்றது பெருநகரப் பணத்தால் அல்ல.

அப்படியென்றால் எண்பதுகளில் லேக்கர்ஸ் ஐந்து, செல்டிக்ஸ் மூன்று என்று பத்தில் எட்டுப் பட்டங்கள் மீண்டும் பழைய இரண்டு வீடுகளுக்கே போனது எப்படி? ஒப்பந்தக் கோப்புகளைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. 1976-ல் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ், வயதான கெயில் குட்ரிச்சை லேக்கர்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. வீரரை இழந்த அணிக்கு ஈடு தர வேண்டும் என்ற அன்றைய விதிப்படி, எதிர்கால டிராஃப்ட் உரிமைகள் லேக்கர்ஸுக்குப் போயின. அவற்றில் ஒன்று 1979-ன் முதல் தேர்வாக முதிர்ந்தது. சிகாகோ புல்ஸுடன் நாணயம் சுண்டி வென்று, லேக்கர்ஸ் மேஜிக் ஜான்சனை எடுத்தது. கிளீவ்லண்ட் கொடுத்துவிட்ட ஒரு முதல் சுற்று உரிமை, 1982-ல் அப்போதுதான் சாம்பியனாகியிருந்த லேக்கர்ஸுக்கு ஜேம்ஸ் வொர்த்தியைக் கொடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளை விற்கக் கூடாது என்ற தடை இன்றும், அவற்றைக் கண்மூடித்தனமாக விற்ற கிளீவ்லண்ட் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் பெயரிலேயே வழங்குகிறது. செல்டிக்ஸின் கதையும் இப்படித்தான். இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆடவிருந்த பேர்டை 1978-லேயே எடுத்துவைக்க விதியில் ஓட்டை இருந்தது. ஆவர்பாக் அதைப் பயன்படுத்தினார். 1980-ல் அவர் செய்த ஒரே பரிமாற்றத்தில் ராபர்ட் பாரிஷும், கெவின் மெக்ஹேலை எடுக்க உதவிய உரிமையும் வந்தன. வீரர்களுக்கான சந்தை பாதி திறந்திருந்தது. டிராஃப்ட் உரிமைகளுக்கான சந்தையில் சரியான விலை என்ன என்று எவருக்கும் தெரியவில்லை. இடைவெளி ஓரிடத்தில் அடைபட்டு வேறிடத்தில் திறந்தது.

ஜோர்டனின் இரண்டு சம்பளங்கள்

1984-85 பருவத்தில் ஊதிய உச்சவரம்பு வந்தது: ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடியது 36 லட்சம் டாலர். கூடவே ஒரு விலக்கும் வந்தது. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வீரரைத் தக்கவைக்க அணி வரம்பைத் தாண்டலாம். பேர்டின் பெயரால் அழைக்கப்படும் விலக்கு அது. இந்த இரண்டும் சேர்ந்து விளைவித்தவற்றைப் பார்க்கச் சிகாகோ புல்ஸைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1991 முதல் 1993 வரை மூன்று, 1996 முதல் 1998 வரை மூன்று என ஆறு பட்டங்கள். 1988-ல் ஜோர்டன் எட்டு ஆண்டுகளுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலருக்குக் கையெழுத்திட்டிருந்தார். முதல் நான்கு பட்டங்களை வென்றபோது, உலகிலேயே அதிகம் அறியப்பட்ட விளையாட்டு வீரருக்கு அணி தந்தது ஆண்டுக்குச் சில பத்து லட்சங்களே. அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகு கணக்கு தலைகீழானது: 1997-98-ல் ஜோர்டனின் சம்பளம் மட்டும் 3.31 கோடி டாலர். அந்த ஆண்டு ஓர் அணி முழுமைக்குமான உச்சவரம்பே 2.69 கோடிதான். பேர்ட் விலக்கு இல்லாவிட்டால் இது சாத்தியமே இல்லை. அதே அணியில், லீக்கின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான ஸ்காட்டி பிப்பென் 1991-ல் கையெழுத்திட்ட நீண்ட ஒப்பந்தத்தில் சிக்கி 27.75 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். லீக்கில் அவரைவிட அதிகம் வாங்கியவர்கள் நூறு பேருக்கு மேல். முதல் மூன்று பட்டங்களுக்கு ஜோர்டனின் குறைந்த சம்பளமும், கடைசி இரண்டுக்குப் பிப்பெனின் குறைந்த சம்பளமும் இடம் கொடுத்தன. இடையில் 1996-ல் இருவருமே மதிப்புக்குப் பல மடங்கு குறைவாகப் பெற்றார்கள். அந்தப் பருவத்தில் புல்ஸ் 82 ஆட்டங்களில் 72-ஐ வென்றது.

ஜோர்டனின் காசோலை உரிமையாளர்களை மிரட்டியது. 1998-ல் கதவடைப்பு, பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. 1999-ல் எட்டிய உடன்பாட்டில் தனி ஒரு வீரரின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு விதித்தார்கள். செலவைக் கட்டுப்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆனால், அதன் பக்கவிளைவு பட்ட வரலாற்றையே திருப்பியது. லீக்கின் ஒப்பற்ற வீரரும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரும் ஏறக்குறைய ஒரே சம்பளம் வாங்கும் நிலை வந்ததும், ஒப்பற்றவர்கள் எல்லோரும் சட்டப்படியே மலிவாகிவிட்டார்கள். பணத்தால் தன்னை வேறுபடுத்திக்கொள்ள முடியாத நட்சத்திரத்துக்கு எஞ்சியது கோப்பை மட்டுமே. 2010-ல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் மயாமி சென்று டுவைன் வேடுடன் சேர்ந்தார்கள்; மூவரும் உச்ச அளவைவிடச் சற்றுக் குறைவாகவே பெற்றார்கள். 2012, 2013 பட்டங்கள் மயாமிக்குப் போயின. சந்தை விலை இருந்திருந்தால், லெப்ரான் ஒருவருக்கே அணியின் வரம்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும். அந்த மூவர் கூட்டணி பிறந்திருக்காது.

கோல்டன் ஸ்டேட்டின் கதையில் இரண்டு தற்செயல்கள் கைகோத்தன. கணுக்கால் காயங்களால் அவதிப்பட்ட கர்ரி, 2012-ல் நான்கு ஆண்டுகளுக்கு 4.4 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டார். பிறகு அவர் குணமானார். தொடர்ந்து இரு முறை லீக்கின் தலைசிறந்த வீரர் விருது பெற்றார். சம்பளம் பழையபடியே நின்றது. 2016-ல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் வந்து சேர, உச்சவரம்பு ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலருக்குப் போனது. படிப்படியாக ஏற்றலாம் என்ற லீக்கின் யோசனையை வீரர்கள் சங்கம் நிராகரித்திருந்தது. அந்தக் கோடையில், 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்திருந்த அணியில் கெவின் டுரான்ட் சேர்ந்தார். 2017, 2018 பட்டங்களுக்கு வழி அங்கேயே அமைந்துவிட்டது.

மறுப்புகளும் பதில்களும்

‘சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கண்ணுக்குத் தெரியவில்லையா?’ என்று விவரமறிந்த ரசிகர் கேட்பார். சிறிய சந்தை, ஒரே பயிற்சியாளர் கிரெக் போபோவிச், 1999 முதல் 2014 வரை ஐந்து பட்டங்கள். இது பண்பாட்டின் வெற்றி, கணக்குப் புத்தகத்தின் வெற்றி அல்ல என்பார். பண்பாட்டை மறுக்கவில்லை. ஆனால், டிம் டங்கன் 1997 டிராஃப்டின் முதல் தேர்வுக்கான குலுக்கலில் வந்தவர். டேவிட் ராபின்சன் காயமுற்று, அணி 20 ஆட்டங்கள் மட்டுமே வென்ற ஓர் அபூர்வப் பருவத்தின் பரிசு அவர். அந்தக் குலுக்கலில் அதிக வாய்ப்பு செல்டிக்ஸுக்கே இருந்தது. டோனி பார்க்கர் 28-வது தேர்வு, மனு ஜினோபிலி 57-வது. வெளிநாட்டு வீரர்களை மற்ற அணிகள் அலட்சியம் செய்த காலத்தில் அவர்களின் மதிப்பை ஸ்பர்ஸ் கண்டுபிடித்தது. கடைசிப் பட்டம் வென்ற அணியில், டங்கன் தன் பழைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதியைத் தானே விட்டுக்கொடுத்திருந்தார். ஸ்பர்ஸின் அறிவும் டங்கனின் பெருந்தன்மையும் இடைவெளியை எப்படி உருவாக்கலாம் என்று காட்டின. இடைவெளியே வேண்டாம் என்று காட்டவில்லை.

‘பெரிய நட்சத்திரமே இல்லாமல் 2004-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் வென்றதே?’ என்பது அடுத்த கேள்வி. அந்த அணியின் தூணான பென் வாலஸை டிராஃப்டில் எவரும் எடுக்கவில்லை. 2000-ல் கிராண்ட் ஹில் அணியைவிட்டு ஓர்லாண்டோவுக்குப் போனபோது, வெறுங்கையோடு இழக்காமல் ஒப்பந்தத்தோடு பரிமாற்றம் என்ற வழியில் டெட்ராய்ட் பெற்றுக்கொண்டவர் அவர். எதிராளிக்குப் பதில் இடத்தைக் காக்கும் பகுதித் தடுப்பாட்டத்துக்கு இருந்த தடையை 2001-ல் லீக் நீக்கியிருந்தது; அது வாலஸ் போன்ற தடுப்பாட்டக்காரர்களின் மதிப்பைக் கூட்டியது. கூடிய மதிப்பைச் சந்தை உணரும் முன்பே டெட்ராய்ட் கோப்பையை வாங்கிவிட்டது.

மூன்றாவது மறுப்பே வலுவானது: அதிர்ஷ்டம். 2019 இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட்டின் டுரான்ட், கிளே தாம்ஸன் இருவரும் காயப்பட்டிராவிட்டால் டொரன்டோ வென்றிருக்குமா? 41-வது தேர்வாக வந்த நிகோலா யோகிச், டென்வரைச் சாம்பியனாக்குவார் என்று 2014-ல் யார் கணக்கிட்டிருக்க முடியும்? ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மலிவான திறமையைச் சேர்த்தவர்கள் எல்லோரும் வென்றதும் இல்லை. 2012-ல் டுரான்ட், ரஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் என்று மூன்று இளம் மேதைகளை வைத்திருந்த ஓக்லஹோமா இறுதித் தொடரில் மயாமியிடம் தோற்று, செலவுக்கு அஞ்சி அதே ஆண்டு ஹார்டனை விட்டுக்கொடுத்தது. ஓர் ஆண்டின் வெற்றியாளரை ஒரு தசைநார் தீர்மானிக்கலாம். ஒரு பத்தாண்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது விதி. என் வாதம் அந்த வடிவத்தைப் பற்றியது.

சமநிலையின் விலை

இப்போது ஏழு ஆண்டு, ஏழு சாம்பியன் புதிருக்குத் திரும்பலாம். 2011 கதவடைப்புக்குப் பிறகு வரம்பு மீறும் அணிகள் மீதான சொகுசு வரி கடுமையானது. 2023 உடன்பாடு அதற்கும் மேலே இரண்டாவது வரம்பு ஒன்றைப் போட்டது. அதைத் தாண்டும் அணி, பல வீரர்களின் சம்பளங்களைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. வெளியிலிருந்து வீரர் சேர்க்க உதவும் விலக்குகளை இழக்கும். எதிர்கால டிராஃப்ட் உரிமையும் முடக்கப்படும். வரி என்றால் பணக்காரர் கட்டிவிட்டுப் போவார். கையைக் கட்டிவிட்டால் பணம் இருந்தும் பயனில்லை. டென்வர் 2023-ல் வென்றதும், பேர்ட் விலக்கின் முழு உரிமை இல்லாததால் புரூஸ் பிரவுனை இண்டியானாவிடம் இழந்தது. 2024-ல் வென்ற செல்டிக்ஸ், ஊதியமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை எட்டும் என்ற கணிப்புக்கு அஞ்சி, அடுத்த கோடையிலேயே ஜூரூ ஹாலிடே, கிறிஸ்டப்ஸ் போர்ஸிங்கிஸ் இருவரையும் அனுப்பிவிட்டது. வெற்றி மதிப்பை உயர்த்துகிறது, மதிப்பு சம்பளத்தை உயர்த்துகிறது, சம்பளம் அணியைக் கலைக்கிறது. முன்பு பத்தாண்டு நீடித்த இடைவெளி, இப்போது இரண்டு மூன்று பருவங்களில் அடைபடுகிறது.

2025 சாம்பியனான தண்டரின் அணிப் பட்டியல் இந்தச் சுழற்சியின் முழு வரைபடம். 2019-ல் டொரன்டோவுக்குப் பட்டம் வாங்கித் தந்த கவாய் லெனர்ட், சில வாரங்களிலேயே, ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்டாக, லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போனார். பால் ஜார்ஜும் உடன் வர வேண்டும் என்று விரும்பினார். ஜார்ஜுக்காக கிளிப்பர்ஸ், ஓக்லஹோமாவுக்குக் கொடுத்த மூட்டையில் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டரும் ஐந்து முதல் சுற்று உரிமைகளும் இருந்தன. அவற்றில் ஒன்று 2022-ல் ஜேலன் வில்லியம்ஸாக முதிர்ந்தது. ஒரு வீரரின் இடமாற்றம் 2019 சாம்பியனைக் கலைத்தது, 2025 சாம்பியனைக் கட்டியது. நடுவில் எல்லாவற்றையும் கொடுத்த கிளிப்பர்ஸ் இன்னும் ஒரு பட்டமும் பெறவில்லை. தண்டர் 68 ஆட்டங்களை வென்று, ஏழாவது ஆட்டம் வரை நீண்ட இறுதித் தொடரில் இண்டியானாவைச் சாய்த்தபோது, வில்லியம்ஸும் செட் ஹோம்கிரனும் புதுமுகங்களுக்கான தொடக்கநிலை ஒப்பந்தத்தில்தான் இருந்தார்கள். அந்தக் கோடையிலேயே இவ்விருவருக்கும் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கும் பெரும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அவை நடைமுறைக்கு வரும்போது இந்த அணி எத்தனை பேரைத் தக்கவைக்க முடிகிறது என்பதே என் வாதத்துக்கான அடுத்த சோதனை.

சமநிலை நல்லதுதானே? ஓரளவுக்கு. ஓக்லஹோமா, மில்வாக்கி, டென்வர் போன்ற நகரங்களின் ரசிகர்கள் நம்பிக்கையோடு பருவத்தைத் தொடங்குவது ஆரோக்கியமானது. நீண்ட ஆதிக்கங்கள்தான் லீக்கை வளர்த்தன என்ற எதிர்வாதமும் உண்டு. 1998-ல் ஜோர்டனின் கடைசி இறுதி ஆட்டத்தை அமெரிக்காவில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2025 இறுதித் தொடரின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கையும் எட்டவில்லை. ஆனால், தொலைக்காட்சிப் பழக்கமே மாறிவிட்ட காலத்தில் இந்த ஒப்பீட்டை மட்டும் நம்ப முடியாது. பார்வையாளர் குறைந்தபோதும், 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலருக்கு லீக்கின் ஒளிபரப்பு உரிமை விலைபோயிருக்கிறது. ஆகவே, சமநிலை லீக்கை ஏழையாக்கவில்லை. யாரைப் பணக்காரராக்கியது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 2005 உடன்பாட்டில் வருமானத்தில் 57 சதவிகிதம் வீரர்களுக்கு. 2011-க்குப் பிறகு ஏறக்குறைய பாதி. 2025-ல் செல்டிக்ஸ் சுமார் 610 கோடி டாலர் மதிப்பிலும், லேக்கர்ஸ் சுமார் 1,000 கோடி டாலர் மதிப்பிலும் கைமாறின. ‘சமநிலை’ என்று சொல்லித்தான் அறுபதுகளில் தக்கவைப்பு விதியை நியாயப்படுத்தினார்கள். அப்போது சமநிலை வரவில்லை, சம்பளம் மட்டும் குறைந்தது. இப்போது சமநிலை வந்திருக்கிறது; செலவைக் கட்டுப்படுத்தும் வேலையும் கூடவே நடக்கிறது. சங்கம் பேரம் பேசி ஒப்புக்கொண்ட உடன்பாடுதான் இது என்பதால் வஞ்சகம் என்று சொல்ல முடியாது. ஆனால், ரசிகர்களின் நன்மைக்காகவே செய்யப்பட்டது என்று நம்பவும் தேவையில்லை.

இன்றைய விதியில் ஒரு தெளிவான குறை இருக்கிறது. 2016-ல் டுரான்டை வெளியிலிருந்து அழைத்துவந்த அணியும், இளைஞர்களை டிராஃப்டில் எடுத்து, தோல்விகளைப் பொறுத்து, ஆண்டுக்கணக்கில் வளர்த்த அணியும் இரண்டாம் வரம்பின் முன் ஒன்றே. முதலாவதைத் தடுப்பதில் நியாயம் உண்டு. இரண்டாவதைத் தண்டிப்பதில் இல்லை. தானே தேர்ந்தெடுத்து வளர்த்த வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியை வரம்புக் கணக்கிலிருந்து கழித்தால் போதும். வாங்கிச் சேர்த்த ஆதிக்கம் கட்டுக்குள் இருக்கும், வளர்த்தெடுத்த அணி தன் பலனை அனுபவிக்கும். சாம்பியன்கள் ஆண்டுதோறும் மாறுவது ஒரு லீக்கின் நலத்துக்கு முழுச் சான்றாகாது. நன்றாகக் கட்டப்பட்ட அணியை, மேலும் நன்றாகக் கட்டப்பட்ட வேறோர் அணி களத்தில் வீழ்த்துகிறதா, இல்லை கணக்காளரின் மேசையே அதைக் கலைத்துவிடுகிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த உடன்பாட்டை எடைபோட வேண்டும். இன்றைய நிலையில் இரண்டாவதே அதிகம் நடக்கிறது.